வளைந்த ஷாஃப்ட்டுக்கு யார் காசு கட்டுவது?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு காவிரிப் பாலத்தின் "தடக்... தடக்" நன்றாகவே தெரியும். 1976-ல் கட்டிய பாலம். அந்த தடக் சத்தம் வந்த இடங்களுக்குப் பெயர் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட். பகல் வெயிலில் பாலம் நீளும், ராத்திரி சுருங்கும், அதற்கு இடம் வேண்டும் என்று கட்டும்போதே விட்டு வைத்த இடைவெளி. அந்த ஜாயிண்டுகள் எல்லாம் தேய்ந்து போய், 2022 கடைசியில் பாலத்தை மூடி, சரி செய்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். நடுவில் அத்தனை மாதமும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பைபாஸ் பாலம் வழியாக ஊரைச் சுற்றித்தான் டவுனுக்கு வந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாலத்தை வரைந்த இன்ஜினியர், "வெயில் அடித்தால் நான் என்ன செய்வது, வெயிலிடம் போய்க் கேளுங்கள்" என்று சொல்லவில்லை. சூடு பட்டால் நீளும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பேப்பரில் வரையும்போதே இடம் விட்டார். திருச்சியின் 40 டிகிரி வெயிலுக்கே இவ்வளவு மரியாதை!

அப்படியென்றால் 850 டிகிரிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு, ஷாஃப்ட்டும் பல்சக்கரமும் டையும் செய்கிற பல பட்டறைகளின் பதில்: பூஜ்யம். சூட்டைப் பற்றி டிராயிங்கில் ஒரு வார்த்தை இருக்காது. கொட்டேஷனில் ஒரு ரூபாய் இருக்காது. கடைசியில் பொருள் வளைந்து வந்தால் மட்டும் எல்லோருடைய விரலும் ஒரே ஆளை நோக்கி நீளும். உலை வைத்திருப்பவரை!

*

கதை எப்படி நடக்கும் தெரியுமா?

ஒரு ஷாஃப்ட் வேண்டும். ஒருவர் டிராயிங் போடுகிறார். பர்ச்சேஸில் இருப்பவர் யார் விலை குறைவாகச் சொல்கிறாரோ அவரிடம் இரும்பு வாங்குகிறார். லேத்தில் கடைந்து, கீவே வெட்டி, துளை போட்டு, கிட்டத்தட்ட முடிந்த பொருளை ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கு அனுப்புகிறார்கள். அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கி கெட்டியாக்குவது. கொல்லுப்பட்டறையில் தோய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் இது ஜாப் ஒர்க். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன யூனிட், கிலோவுக்கு இவ்வளவு அல்லது பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கும்.

பொருள் திரும்பி வருகிறது. வி பிளாக்கில் வைத்து, டயல் கேஜை மேலே வைத்து ஒரு சுற்று சுற்றினால் முள் ஆடுகிறது. வளைவு! உடனே போன். "என்ன சார் இப்படி வளைச்சு அனுப்பிட்டீங்க?" அடுத்த வாரம் டெபிட் நோட்.

வளைந்ததை முதலில் பார்த்த இடம் உலை வாசல். அதனால் வளைத்ததும் உலைதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தெர்மாமீட்டர் வைத்த பிறகுதான் காய்ச்சல் தெரிந்தது, அதனால் தெர்மாமீட்டர்தான் காய்ச்சல் கொடுத்தது என்று சொல்வது போல இருக்கிறது.

*

இரும்பு ஏன் வளைகிறது? இதைப் புரிந்துகொள்ள மெட்டலர்ஜி டிகிரி எல்லாம் வேண்டாம்.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மரச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இரும்பு வளையம் செய்வார்கள். நெருப்பில் காய்ச்சினால் விரியும். அப்படியே சக்கரத்தின் மேல் மாட்டி தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, மரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் இரும்பு அளவு மாறும் என்பதை அந்த ஆசாரி குறையாகப் பார்க்கவில்லை. அதை வைத்தே வேலையை முடித்தார்.

ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பியை 850 டிகிரி வரை சூடாக்கினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீண்டு, ஒரே மாதிரி சுருங்கினால் பிரச்சினையே இல்லை. பிரச்சினை அது ஒரே மாதிரி நடக்காததுதான். அதற்கு முக்கியமாக நாலு காரணம்.

ஒன்று, பழைய பகை. இரும்புக் கம்பி ஆலையில் உருட்டியபோது, இழுத்தபோது, நிமிர்த்தியபோது அதற்குள் இழுவிசை தங்கிவிடும். லேத்தில் ஆழமாகக் கடையும்போது இன்னும் கொஞ்சம் சேரும். ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்திருப்பதால் வெளியே தெரியாது. பிரைட் பார் வாங்கி ஒரு பக்கம் மட்டும் கீவே வெட்டினால், நெருப்பே காட்டாமல் அது வளைவதை லேத் ஆபரேட்டர்கள் பார்த்திருப்பார்கள். 600 டிகிரியிலேயே சாதாரண எஃகு தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் பகை எல்லாம் வெளியே வரும். உலை செய்தது வெறும் பஞ்சாயத்து. சண்டை ஏற்கெனவே இருந்தது!

இரண்டு, வடிவம். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. மெலிசான இடம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். தடிமன் பின்னாலேயே வரும். இரண்டும் ஒரே பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று சுருங்க, இன்னொன்று இன்னும் விரிந்தே இருக்க, நடுவில் கோணல் வராமல் என்ன செய்யும்? கூர்மையான உள்மூலை இருந்தால் வளைவதோடு நிற்காது, விரிசலே விடும்.

மூன்று, இரும்பின் உள்கட்டமைப்பு. 727 டிகிரிக்கு மேல் எஃகின் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்கின்றன. அதற்கு ஆஸ்டனைட் என்று பெயர். சட்டென்று குளிரவைத்தால் அது மார்ட்டன்சைட் என்ற கெட்டியான அமைப்பாக மாறும். கெட்டித்தன்மை இங்கேதான் வருகிறது. ஆனால் மார்ட்டன்சைட்டுக்கு இடம் அதிகம் தேவை, கொள்ளளவில் 4 சதவீதம் வரை. ஜப்பானிய வாளின் அந்த அழகான வளைவு இப்படி வந்ததுதான். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகப் பூசி, விளிம்பில் மெலிசாக விட்டுத் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு மட்டும் மார்ட்டன்சைட்டாகி விரியும், வாள் பின்பக்கமாக வளையும். அங்கே அந்த வளைவைக் கணக்குப் போட்டு வரவைக்கிறார்கள். இங்கே அதே வளைவு வந்தால் உலைக்காரரைத் திட்டுகிறார்கள்.

நாலு, உலையில் வைக்கும் விதமும் முக்கும் விதமும். நீளமான ஷாஃப்ட்டைப் படுக்க வைத்துச் சூடாக்கினால், சரியான தாங்கல் இல்லாவிட்டால், தன் எடையிலேயே தொய்யும். படுக்கை வாட்டில் எண்ணெயில் போட்டால் கீழ்ப்பக்கம் முதலில் குளிரும். ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கினால் உள்பக்கத்துக்கு எண்ணெயே போகாது. சூடான இரும்பு எண்ணெயில் இறங்கியதும் அதைச் சுற்றி ஒரு ஆவிப் போர்வை உண்டாகும். எண்ணெயைக் கலக்கிவிட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்தப் போர்வை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கிழியும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். நாலு காரணத்தில் உலைக்காரர் கையில் இருப்பது எத்தனை? நாலாவது மட்டும். முதலாவது இரும்பு வாங்கினவரிடமும் கடைந்தவரிடமும் இருக்கிறது. இரண்டாவது டிராயிங் போட்டவரிடம். மூன்றாவதில் பாதி, எந்த ரக எஃகு என்று தேர்ந்தெடுத்தவரிடம்.

இது யாரோ கிளப்பிவிட்ட வாதம் இல்லை. ஜெர்மனியில் பிரெமன் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2011 வரை இதற்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் நடத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே டிஸ்டார்ஷன் இன்ஜினியரிங். வளைவு என்பது கடைசிக் கட்டத்தின் குற்றம் இல்லை, உருக்கியதில் தொடங்கி உருட்டியது, கடைந்தது, சூடாக்கியது என மொத்தச் சங்கிலியின் குணம் என்பதுதான் அவர்களுடைய அடிப்படையே. ஒவ்வொரு கட்டமும் வளைவதற்கான ஒரு சாத்தியத்தைப் பொருளுக்குள் போட்டு வைக்கிறது. சூடு அதைத் திறந்து காட்டுகிறது.

*

சரி, இதில் காமர்ஸ் படிப்பவர்களுக்கு என்ன வேலை?

வேலையே அவர்களுக்குத்தான்! ஏனென்றால் இந்த அநியாயம் நடப்பது உலையில் இல்லை, லெட்ஜரில்.

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ப்ராசஸ் காஸ்டிங் படித்தவர்களுக்கு நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் ஞாபகம் இருக்கும். பரீட்சைக்கு ஒரு கணக்கு நிச்சயம் வரும் என்று போட்டுப் பார்த்திருப்பார்கள். தவிர்க்கவே முடியாத இழப்பு நார்மல் லாஸ். அதன் செலவை நல்ல பொருள்களின் தலையில் பரப்பிவிடலாம். தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அப்நார்மல் லாஸ். அதைத் தனியாகப் பிரித்து காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குக் கொண்டு போக வேண்டும். ஏன் தனியாக? முதலாளியின் கண்ணில் உறுத்த வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. 100 ஷாஃப்ட். ஒன்றுக்கு இரும்பும் கடைசலும் சேர்த்து 1,000 ரூபாய். ஹீட் ட்ரீட்மெண்ட் ஒன்றுக்கு 50 ரூபாய். மொத்தம் 1,05,000. இதில் 10 ஷாஃப்ட் வளைந்து வீண். பழைய இரும்பாக விற்றால் ஒன்றுக்கு 100 ரூபாய் கிடைக்கும்.

முதல் வழி: "வழக்கமா பத்து சதவீதம் போகும் சார்" என்று பத்தையும் நார்மல் லாஸ் என்று எழுதுகிறார்கள். 1,05,000-ல் 1,000 கழித்து 90-ஆல் வகுத்தால் ஒரு ஷாஃப்ட்டின் அடக்கம் 1,155 ரூபாய் 56 பைசா. கணக்கு முடிந்தது. நட்டம் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. எல்லோரும் சந்தோஷம்!

இரண்டாவது வழி: ஒழுங்காகச் செய்தால் 2 தான் போகும், மீதி 8 தவிர்த்திருக்கக்கூடியது என்று எழுதுகிறார்கள். 1,05,000-ல் 200 கழித்து 98-ஆல் வகுத்தால் அடக்கம் 1,069 ரூபாய் 39 பைசா. எட்டு ஷாஃப்ட்டின் அடக்கத்தில் பழைய இரும்பு விலை 800 கழித்தால், 7,755 ரூபாய் அப்நார்மல் லாஸாக லாப நட்டக் கணக்கில் வந்து உட்காரும்.

பணம் இரண்டிலும் ஒன்றுதான். முதல் வழியில் அதே 7,755 ரூபாய் 90 ஷாஃப்ட்டின் மேலும் தலைக்கு 86 ரூபாயாகப் பரவி ஒளிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ஃப்ளோரில் இருக்கும் அனுபவசாலி ஒருவர் வந்து, "முரட்டுக் கடைசல் முடிந்ததும் ஒரு தடவை ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணிடலாம், பீஸுக்கு முப்பது ரூபாய் ஆகும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 பீஸுக்கு 3,000 ரூபாய். முதல் வழியில் கணக்கு எழுதுகிற கம்பெனியில் என்ன பதில் வரும்? "மூவாயிரம் எக்ஸ்ட்ராவா? எதுக்கு? நமக்குத்தான் நட்டமே இல்லையே!"

கண்ணுக்குத் தெரிகிற 3,000, கண்ணுக்குத் தெரியாத 7,755-ஐ ஜெயித்துவிடுகிறது. வளைவைத் தடுக்கும் வழி தெரியாததால் இல்லை, வளைவை "வழக்கம்" என்று எழுதியதால்தான் அது தொடர்கிறது.

*

இதைவிட மோசமான மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதுதான் டெபிட் நோட்.

அதே 100 ஷாஃப்ட். உலைக்காரருக்குச் சேர வேண்டிய கூலி 5,000 ரூபாய். வளைந்தது 10. ஒன்றுக்கு 1,000 வீதம் 10,000 ரூபாய்க்கு டெபிட் நோட். ராத்திரி பகலாக உலை எரித்து, கரண்ட் பில் கட்டி, எண்ணெய் மாற்றி, கடைசியில் அவர்தான் 5,000 ரூபாய் பாக்கி! பீஸுக்கு ஐம்பது ரூபாய் கூலி வாங்குகிறவர் ஆயிரம் ரூபாய் ரிஸ்க்கைச் சுமக்கிறார். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இந்த பிரீமியத்துக்கு பாலிசி கொடுக்காது.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கினால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. முக்கியமாக, 15 நாளுக்குள் எழுத்துமூலமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். மூன்று மாதம் கழித்து, கிரைண்டிங் எல்லாம் முடித்த பிறகு "உங்களால்தான் வளைந்தது" என்று எழுதும் டெபிட் நோட் இந்தச் சட்டத்தின் முன்னால் எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அடுத்த மாதமும் அதே கம்பெனியிடம் வேலை வேண்டுமே? அதனால் உலைக்காரர் வாயைத் திறப்பதில்லை. அவர் வாயைத் திறக்காத வரை டிராயிங்கும் மாறப்போவதில்லை.

*

எதிர்வாதங்களையும் பார்த்துவிடலாம்.

"இரும்புன்னா வளையத்தான் செய்யும். இது இயற்கை."

வளையும். ஆனால் எப்படி வளைகிறது என்று யாராவது அளந்து எழுதி வைத்தார்களா? பத்து பீஸை எடுத்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்று குறித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பத்தும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு வளைந்தால் குற்றவாளி வடிவமாகவோ எஃகாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அளவை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு கடைந்துவிடலாம். பத்தும் பத்துத் திசையில் வளைந்தால் உள்விசை, அடுக்கிய விதம், முக்கிய விதம் என்று தேட வேண்டும். அளக்காமல் இயற்கை என்று சொல்வது வேதாந்தம். ஸ்ரீரங்கத்தில் வேதாந்தம் சொல்ல நிறைய பெரியவர்கள் இருக்கிறார்கள், தொழிற்பேட்டையில் வேண்டாம்.

"வளைஞ்சா பிரஸ்ல வெச்சு நிமிர்த்திட்டா போச்சு."

போகாது. கெட்டியான எஃகைக் குளிர்ந்த நிலையில் அழுத்தி நிமிர்த்தினால் உள்ளே புது இழுவிசை ஏறும். ஓட்டத்தில் மறுபடி வளையலாம், மேல்தோலில் விரிசல் விடலாம். நிமிர்த்தாமல் கிரைண்டிங்கில் சரி செய்யலாம் என்றால் அது இன்னும் வேடிக்கை. மேலே 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கெட்டித் தோல் ஏற்றிய ஒரு ஷாஃப்ட், நடுவில் 0.3 மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது. இரு முனையையும் பிடித்துச் சுற்றி உருண்டையாக அரைத்தால், ஒரு பக்கம் 0.6 மில்லிமீட்டர் போய்விடும், எதிர்ப்பக்கம் கல் தொடவே தொடாது. ஒரு பக்கம் தோல் 1 மில்லிமீட்டர், மறுபக்கம் 0.4. அளவு பார்த்தால் கச்சிதம், இன்ஸ்பெக்ஷனில் பாஸ். ஆனால் கெட்டித் தோலுக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல் ஒரு பக்கம் தூசியாகப் போயாச்சு. தேய்மானம் எந்தப் பக்கம் முதலில் வரும் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

"ஹீட் ட்ரீட்மெண்ட்காரங்க எல்லாம் யோக்கியமா?"

இல்லை! மூட்டையைக் கொட்டுவது போல உலையில் கொட்டுகிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு முன்சூடு கொடுக்காமல் நேராக 850-க்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. பழைய எண்ணெயை வருஷக்கணக்கில் மாற்றாதவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் பங்குக்குக் காசு கட்டட்டும். ஆனால் பங்கு என்று வந்தால் எல்லோர் பங்கும் வர வேண்டும். உலையின் வெப்பப் பதிவைக் கேட்கிற கம்பெனி, தான் அனுப்பிய பொருளின் பூர்வீகத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ரகம், ஸ்ட்ரெஸ் ரிலீவ் ஆனதா, அனுப்பும்போது நேராக இருந்ததா?

கடைசிக் கேள்வியை எத்தனை பேர் சோதிக்கிறார்கள்? அனுப்பும்போதே வளைந்திருந்த பொருளுக்கு வாங்கும்போது டெபிட் நோட் போடுவது கொள்ளை இல்லையா?

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் சார் சரிப்படும்."

இங்கேதான் திருச்சிக்காரர்கள் வெட்கப்பட வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல் இருந்து இருக்கிற ஊர் இது. 1960-களில் பெல்லும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தன. வெல்டிங்குக்கு என்றே பெல்லில் ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. துவாக்குடி என்.ஐ.டி-யில் மெட்டலர்ஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்த ஊர்! பெல்லை நம்பி வளர்ந்த சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளுக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? பாய்லர் பாகங்களில் தடிமனானவற்றை வெல்டிங் முடிந்ததும் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மணிக்கணக்கில் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். எந்த வேகத்தில் ஏற்றியது, எவ்வளவு நேரம் வைத்தது, எந்த வேகத்தில் இறக்கியது என்று சார்ட் எடுத்து பைலோடு கொடுக்க வேண்டும். பாய்லர் வெடித்தால் உயிர் போகும் என்பதால் விதி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவை யாரும் எக்ஸ்ட்ரா என்று சொல்வதில்லை.

அதே ஊரில், அதே தொழிற்பேட்டையில், ஒரு ஷாஃப்ட்டுக்கு அதே காரியத்தைச் செய்யச் சொன்னால் "சின்ன கம்பெனி சார்" என்கிறார்கள். அங்கே சட்டம் கேட்கிறது, செய்கிறார்கள். இங்கே கொட்டேஷன் கேட்கிறது, விட்டுவிடுகிறார்கள். அறிவு இல்லாத பிரச்சினை இல்லை இது!

*

என்னதான் செய்ய வேண்டும்? ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

1. டிராயிங் போடும்போதே உலைக்காரரிடம் ஒரு தடவை காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருக்கிற கீவேக்கு எதிரே இன்னொன்று போட முடியுமா, கூர் மூலையை உருட்ட முடியுமா, தடிமன் மாறும் இடத்தைச் சரிவாக்க முடியுமா என்று அவர் சொல்வார். பேப்பரில் அழிப்பதற்கு ரப்பர் போதும்.

2. எஃகைத் தேர்ந்தெடுக்கும்போது இரும்பு விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஈஎன் 8 மலிவு, ஆனால் தடிமனான பொருளை அதில் கெட்டியாக்கத் தண்ணீர் போல வேகமாகக் குளிர்விக்க வேண்டியிருக்கும். ஈஎன் 24 விலை கூட, ஆனால் எண்ணெயில் நிதானமாக ஆறினாலே கெட்டியாகும். எவ்வளவு மெதுவாகக் குளிர்விக்க முடிகிறதோ அவ்வளவு வளைவு குறையும். டூல் ரூம்காரர்கள் தினமும் சொல்லும் ஓ.ஹெச்.என்.எஸ் என்பதன் விரிவே "எண்ணெயில் கெட்டியாகும், சுருங்காத எஃகு" என்பதுதான். வளைவைக் குறைப்பது எஃகைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

3. முரட்டுக் கடைசலுக்கும் நுட்பக் கடைசலுக்கும் நடுவில் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யுங்கள். சாதாரண எஃகுக்கு 550-லிருந்து 650 டிகிரி. ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் தடிமனுக்கும் ஒரு மணி நேரம், பிறகு மெதுவாக ஆறவிடுவது. வளைய வேண்டியது அப்போதே வளைந்துவிடும், அதற்குப் பிறகு நேராகக் கடையலாம்.

4. முக்கி எடுக்காமல் காரியம் ஆகுமா என்று பாருங்கள். நைட்ரைடிங் 500 டிகிரியை ஒட்டியே நடக்கும். உள்கட்டமைப்பு மாறாது, எண்ணெயில் முக்கும் வேலையும் இல்லை, அதனால் வளைவு மிகக் குறைவு. நேரம் அதிகம், தோல் மெலிசு. எல்லாவற்றுக்கும் ஒத்து வராது, ஒத்து வரும் இடத்தில் விடாதீர்கள். பெரிய பல்வளையங்களை அச்சில் பிடித்துக்கொண்டே எண்ணெய் பாய்ச்சும் குவென்ச் பிரஸ் என்ற வழியும் உண்டு.

5. உலைக்காரரே, ஷாஃப்ட்டைத் தொங்கவிடுங்கள். நிற்க வைத்து முக்குங்கள். இடைவெளி விட்டு அடுக்குங்கள். எண்ணெயைக் கலக்குங்கள். பொருளை வாங்கும்போது, முடிந்தால் அனுப்பியவர் முன்னாலேயே, டயல் கேஜ் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு துண்டுச் சீட்டுதான்.

6. கணக்கு எழுதுகிறவர்களே, "வளைவு - நார்மல்" என்று எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது?" போன வருஷமும் அதுதான் என்ற பதில் வந்தால், அது நார்மல் இல்லை. பழக்கம்.

இந்த ஆறாவதுதான் மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு வரும். நட்டம் என்று தனி வரியாக 7,755 எழுதிவிட்டால், அடுத்த மாதமே முதலாளி 3,000 ரூபாய் ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்குத் தானே கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெரிய மனசெல்லாம் வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

பி.காம் படிப்பவர்களில் எத்தனையோ பேர் நாளைக்கு ஏதோ ஒரு தொழிற்பேட்டையில், ஏதோ ஒரு பட்டறையின் கண்ணாடி அறையில் டேலியைத் திறந்துகொண்டு உட்காரப் போகிறார்கள். மேஜைக்கு ஒரு டெபிட் நோட் வரும், "போட்டுடுங்க" என்று. போடுவதற்கு முன் எழுந்து வெளியே போய், அந்த ஷாஃப்ட் உலைக்குப் போவதற்கு முன்னால் நேராக இருந்ததா, யாராவது அளந்தார்களா என்று கேட்டுவிட்டு வந்து உட்காருங்கள். அளக்கவில்லை என்றால் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.